டிராஃப்டின் உச்சியில் எடுக்கப்பட்ட புதுமுக வீரர் கொடுத்த விலைக்குத் தகுதியானவரா என்று கணிப்பது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். லீகில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் இறுதியில் நடக்கும் டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு; அந்த ஒவ்வொரு முறையும் ஒரு ‘தேர்வு’), முதல் பத்து இடங்களுக்குள் எடுக்கப்படும் வீரரைப் பற்றி ரசிகர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்பிக் கேட்கிறார்கள். அவர் நல்ல ஆட்டக்காரரா என்பது ஒரு கேள்வி. அவருக்காகச் செலவிட்ட தேர்வுக்கும் பணத்துக்கும் ஈடான பலன் அவரை எடுத்த அணிக்குக் கிடைத்ததா என்பது வேறொரு கேள்வி. பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கான சாக்வான் பார்க்லி இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறார். 2018இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி அவரை இரண்டாம் வீரராக எடுத்தது. முதல் பருவத்திலேயே ஓடியும் பந்தைப் பிடித்தும் மொத்தம் 2,028 கெஜம் ஈட்டி, தாக்குதல் பிரிவின் சிறந்த புதுமுக வீரர் விருதையும் பெற்றார். அந்தப் பருவத்தில் அணி வென்றது ஐந்து ஆட்டங்கள், தோற்றது பதினொன்று. அங்கே அவர் கழித்த ஆறு பருவங்களில் அணி ஒரே ஒருமுறைதான் பருவ இறுதி நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபுக்குச் சென்றது. 2024இல் பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போன அவர், எதிரணியைத் தடுத்து வழிவிடும் வலுவான ஆஃபென்சிவ் லைனுக்குப் பின்னால் ஓடி அதே பருவத்தில் 2,005 கெஜம் எடுத்தார். அணி லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையும் வென்றது. பார்க்லியின் திறமையை ஐயுற ஒருபோதும் இடமிருந்ததில்லை. ஆனால் ஜயன்ட்ஸின் அந்தத் தேர்வு சரியானதுதானா என்று கேட்டால், உடனே ஆம் என்று சொல்ல என்னால் இயலாது.

ஆகவே வீரரின் ஆட்டத்தைப் பார்க்கும் முன்பே அவருடைய விலையை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தீர்ப்பு தவறிப்போவதற்கு இதுவே முதற்காரணம்.

விலையின் முதற்பகுதி ஒப்பந்தம். 2010இல் முதல் வீரராக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டு, ஒரு ஆட்டம்கூட ஆடும் முன்பே, ஆறாண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தம் பெற்றார். அதில் 5 கோடி டாலர் உத்தரவாதம். அடுத்த ஆண்டு வீரர்கள் சங்கத்துக்கும் லீகுக்கும் இடையே ஏற்பட்ட புதிய உடன்பாடு புதுமுக வீரர்களின் சம்பளத்தைத் தேர்வு எண்ணோடு கட்டிப்போட்டது. 2011இன் முதல் வீரரான கேம் நியூட்டனுக்கு நான்காண்டுகளுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 2.2 கோடி டாலர் மட்டுமே. இந்த மாற்றத்துக்குப் பிறகு, உயர்ந்த தேர்வில் வந்த வீரர் சரியாக அமைந்துவிட்டால் அணிக்கு மிச்சமாகும் தொகை மிகப் பெரியதாகிவிட்டது. 2020இல் முதல் வீரராக சின்சினாட்டி அணிக்குச் சென்ற ஜோ பர்ரோவின் நான்காண்டு ஒப்பந்தம் மொத்தமே சுமார் 3.6 கோடி டாலர். அவரே 2023இல் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தத்தின் ஓராண்டுச் சராசரி 5.5 கோடி டாலர். நான்கு ஆண்டுகளுக்குக் கொடுத்ததைவிட அதிகமானது இப்போது ஒரே ஆண்டுக்குப் போகிறது. அந்த மலிவான ஆண்டுகளில் சம்பள உச்சவரம்பில் (ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய உச்ச அளவு) மிஞ்சும் தொகையைக் கொண்டு மற்ற இடங்களுக்கு வீரர்களை வாங்க முடியும் என்பதாலேயே அணிகள், தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் இளம் குவார்ட்டர்பேக்குக்காக இவ்வளவு துணிகின்றன.

விலையின் இரண்டாம் பகுதி, அந்தத் தேர்வைப் பெறுவதற்காக அணி கைவிட்டவை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் டல்லஸ் கௌபாய்ஸ் அணியில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்தபோது தேர்வுகளின் மதிப்பைக் குறிக்க உருவான ஓர் அட்டவணையில் முதல் தேர்வுக்கு 3,000 புள்ளிகள், பத்தாவதுக்கு 1,300, முதல் சுற்றின் கடைசியான 32ஆவதுக்கு 590. இன்று அணிகள் தத்தம் கணக்குகளை வைத்திருந்தாலும், மேலே ஏறுவது எவ்வளவு செலவு பிடிக்கும் காரியம் என்பதை உணர இந்த எண்கள் போதும். 2023இல் கரோலினா பாந்தர்ஸ் அணி ஒன்பதாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறுவதற்காக, தன் ஒன்பதாம் தேர்வையும் 61ஆம் தேர்வையும் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வையும் 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வையும், அவற்றோடு எறியும் பந்தைப் பிடிக்கும் தன் முதன்மை வைட் ரிசீவரான டி.ஜே. மூரையும் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்தது. அப்படிப் பெற்ற தேர்வில் வந்தவர் குவார்ட்டர்பேக் பிரைஸ் யங். அவருடைய முதல் பருவத்தில் அணி இரண்டே ஆட்டங்களை வென்றதால், கைவிட்டுக் கொடுத்த 2024இன் தேர்வு மறுபடியும் முதல் தேர்வாகவே மாறி, அதில் சிகாகோ கேலப் வில்லியம்ஸை எடுத்தது. யங் எப்படி ஆடினாலும் இந்தச் சுமை அவருடைய கணக்கில் நிற்கும். அது அவர் தேடிக்கொண்ட சுமையன்று, அணி ஏற்றிவைத்தது. ஆகவே அணியின் முடிவை எடைபோடும்போது அதைச் சேர்க்க வேண்டும், ஆட்டக்காரரை எடைபோடும்போது விலக்கிவிட வேண்டும்.

பொருளியல் அறிஞர்கள் கேட் மாசியும் ரிச்சர்ட் தேலரும் இந்தச் சந்தையை ஆராய்ந்து, அணிகள் டிராஃப்டின் உச்சித் தேர்வுகளுக்கு அளவுக்கு மிஞ்சி விலை கொடுக்கின்றன என்றும், சம்பளம் போக மிஞ்சும் பலன் இரண்டாம் சுற்றுப் பகுதியிலேயே மிகுதி என்றும் காட்டினார்கள். அவர்கள் பயன்படுத்திய தரவு 2011க்கு முந்தைய சம்பள முறைக்கு உரியது. இப்போது உச்சித் தேர்வுகளின் சம்பளம் குறைந்துவிட்டதால் அந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால் அவர்களின் மற்றொரு கண்டுபிடிப்பு சம்பளத்தைச் சார்ந்ததன்று: ஒரே இடத்தில் ஆடும் இரு வீரர்களில் முன்னதாக எடுக்கப்பட்டவர், அவருக்கு அடுத்து எடுக்கப்பட்டவரைவிடச் சிறந்து விளங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 52 விழுக்காடுதான். நாணயத்தைச் சுண்டுவதைவிடச் சற்றே மேல் என்ற இந்த எண்ணை, எந்தப் புதுமுக வீரரைப் பற்றியும் உறுதியாகப் பேசத் தொடங்கும் முன் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது அவர் ஆடும் இடம். தேர்வு எண் ஒன்றாயிருந்தால் சம்பளமும் ஏறத்தாழ ஒன்றே. குவார்ட்டர்பேக்கானாலும் ரன்னிங் பேக்கானாலும் அதில் வேறுபாடு இல்லை. ஆனால் வெளிச்சந்தையில், அதாவது டிராஃப்டுக்கு வெளியே பேசப்படும் புதிய ஒப்பந்தங்களில், அந்த இடங்களின் விலை வானுக்கும் மண்ணுக்குமாக வேறுபடுகிறது. பார்க்லிக்கு 2018இல் கிடைத்த நான்காண்டு ஒப்பந்தம் சுமார் 3.1 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 78 லட்சம் டாலர் அளவு. அதே ஆண்டில் மிக அதிகச் சம்பளம் பெற்ற ரன்னிங் பேக்கான டாட் கர்லியின் புதிய ஒப்பந்தம் ஆண்டுக்கு 1.4 கோடி டாலரைச் சற்றே தாண்டியது. குவார்ட்டர்பேக்குகளில் ஆரன் ராட்ஜர்ஸின் புதிய ஒப்பந்தமோ 3.35 கோடி டாலர். ஆகவே இரண்டாம் தேர்வில் வந்த ரன்னிங் பேக் நாட்டிலேயே தலைசிறந்தவராக அமைந்தாலும் அணிக்கு ஆண்டுதோறும் மிஞ்சியிருப்பது அறுபத்தைந்து லட்சம் டாலர் அளவுதான். அதே தேர்வில் தலைசிறந்த குவார்ட்டர்பேக் அமைந்திருந்தால் இரண்டரைக் கோடிக்கு மேல் மிஞ்சியிருக்கும். குவார்ட்டர்பேக், இடப்பக்க டேக்கிள் (லைனின் ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்), எட்ஜ் ரஷர் (ஓரத்திலிருந்து எதிரணிக் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்பவர்), வைட் ரிசீவர், கார்னர்பேக் (எதிரணி ரிசீவரை மறிப்பவர்) ஆகிய இடங்கள் வெளிச்சந்தையில் விலை உயர்ந்தவை என்பதால் அவற்றில் ஓரளவு நன்றாக ஆடினாலே உயர்ந்த தேர்வுக்கு ஈடாகிவிடலாம். ரன்னிங் பேக்கும், பின்களத் தற்காப்பாளரான ஸேஃப்டியும், தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டும் மிகச் சிறப்பாக ஆடியே தீர வேண்டும். இது அந்த இடங்களில் ஆடுவோரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதாகாது. சந்தை அவர்களுக்கு விதித்த விலை அது, அவ்வளவே.

இனி ஆட்டத்துக்கு வருவோம். குவார்ட்டர்பேக்கின் முதல் பருவத்தை வெற்றி தோல்வியால் அளப்பதைப் போலத் தவறான பழக்கம் வேறில்லை. 1989இல் முதல் வீரராக எடுக்கப்பட்ட ட்ராய் எய்க்மன் அந்தப் பருவத்தில் முதலிலிருந்தே களமிறங்கித் தொடங்கிய பதினோரு ஆட்டங்களிலும் தோற்றார்; பிறகு மூன்று சூப்பர் பவுல் வென்றார். 1998இன் பெய்டன் மானிங் 26 டச்டவுன்களும் (புள்ளி ஈட்டித்தரும் எறிதல்) 28 இன்டர்செப்ஷன்களும் (எதிரணி பிடித்துவிடும் எறிதல்) எறிந்தார், அவருடைய கோல்ட்ஸ் அணி மூன்றே ஆட்டங்களை வென்றது. மறு ஆண்டே பதின்மூன்று வென்றது. ஜேரட் காஃப் 2016இல் தொடங்கிய ஏழு ஆட்டங்களிலும் தோற்றபோது அவரைப் பலரும் கைகழுவிவிட்டனர். மறு ஆண்டு ஷான் மெக்வே என்ற புதிய பயிற்சியாளரும் ஆண்ட்ரூ விட்வொர்த் என்ற அனுபவமிக்க இடப்பக்க டேக்கிளும் புதிய ரிசீவர்களும் வந்த பிறகு, அதே காஃப் 28 டச்டவுன்களுக்கு ஏழே இன்டர்செப்ஷன்கள் என்ற கணக்கில் ஆடினார். வீரர் ஒரே குளிர்காலத்தில் வேறொருவராக மாறிவிடவில்லை, அவரைச் சுற்றியிருந்தவை மாறின.

அப்படியானால் முதல் பருவத்தில் எதைத்தான் பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது ஓர் எறிதலுக்கு எத்தனை கெஜம் என்ற எண்ணையும் சாக் ஆன, அதாவது பந்தை எறியும் முன்பே வீழ்த்தப்பட்ட, விதத்தையும்தான். யங்கையும், அதே 2023இல் அவருக்கு அடுத்து ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரவுடையும் ஒப்பிடுங்கள். ஸ்ட்ரவுடு 4,108 கெஜமும் 23 டச்டவுன்களும் எடுத்து ஐந்து இன்டர்செப்ஷன்கள் மட்டுமே கொடுத்தார். ஓர் எறிதலுக்கு 8.2 கெஜம். யங்கின் எண் 5.5, அவர் 62 முறை சாக் ஆனார். சாக் என்றதும் எல்லோரும் ஆஃபென்சிவ் லைனையே குறை சொல்கிறார்கள், அது பாதி உண்மைதான். பந்தை எவ்வளவு நேரம் கையில் வைத்திருக்கிறார், நெருக்கடி வந்தபின் அதை வெளியேற்றுகிறாரா விழுந்துவிடுகிறாரா என்பவை வீரரைச் சார்ந்தவை. எனவே எத்தனை முறை நெருக்கடிக்கு உள்ளானார், அவற்றில் எத்தனை சாக்காக முடிந்தன என்ற விகிதத்தைப் பாருங்கள். நெருக்கடியே மிகுதி என்றால் லைன்மேன்கள் மீது கவனம் செலுத்துங்கள். நெருக்கடி சராசரியாக இருந்தும் சாக் மிகுதி என்றால் குவார்ட்டர்பேக்கின் மீதே பார்வை விழ வேண்டும். 2002இல் புதிதாகத் தோன்றிய டெக்ஸன்ஸ் அணியில் முதல் வீரராக வந்த டேவிட் கார் அந்தப் பருவத்தில் 76 முறை சாக் ஆனார். அத்தனை அடி வாங்கிய இளைஞனின் ஆட்டத்தை வேறு எந்த எண்ணைக் கொண்டும் நேர்மையாக அளக்க இயலாது.

அதற்கடுத்து, பருவத்தின் முற்பாதியையும் பிற்பாதியையும் தனித்தனியே பாருங்கள். பின்னர் முதல் பருவத்தை இரண்டாவதோடு ஒப்பிடுங்கள். நிலையைவிடச் சரிவா ஏற்றமா என்பதே இங்கே முக்கியம். 2018இல் ஏழாவதாக எடுக்கப்பட்ட ஜாஷ் ஆலன் முதல் பருவத்தில் எறிந்தவற்றில் 52.8 விழுக்காடு மட்டுமே ரிசீவரின் கையில் சேர்ந்தது. இரண்டாம் பருவத்தில் 58.8, மூன்றாம் பருவத்தில் 69.2. மூன்றாம் பருவத்துக்கு முன் பஃபலோ அணி ஸ்டெஃபான் டிக்ஸைக் கொண்டுவந்து சேர்த்ததும் உண்மை. முதல் பருவத்தோடு தீர்ப்பெழுதியவர்கள் அவரை வீண்தேர்வு என்றுதான் எழுதியிருப்பார்கள். இதன் மறுபக்கமும் உண்டு: ஸ்ட்ரவுடின் இரண்டாம் பருவத்தில் டச்டவுன்கள் 20ஆகக் குறைந்து இன்டர்செப்ஷன்கள் 12ஆகக் கூடின, சாக் 52 ஆனது. ஒளிவீசும் முதல் பருவமும் முடிவான சான்று ஆகாது. எதிரணிகள் ஓராண்டு ஒளிப்பதிவை உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் மறு ஆண்டு களமிறங்குகின்றன.

பயிற்சியாளரின் நிலையையும் தவறாமல் கேளுங்கள். ட்ரெவர் லாரன்ஸ் 2021இல் ஜாக்சன்வில் அணிக்கு வந்த அதே பருவத்தின் நடுவில் தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயர் நீக்கப்பட்டார். யங்கின் முதல் பருவத்தில் பதினோரு ஆட்டங்களுக்குப் பிறகு ஃப்ராங்க் ரைக் நீக்கப்பட்டார். இளைஞர் ஒருவரை உரிமையாளர்கள் இப்படிப்பட்ட குழப்பத்தில் தள்ளிவிட்டு, பருவ முடிவில் எண்களை மட்டும் காட்டி அவரைத் தோல்வி என்று முத்திரை குத்துவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. இதற்கு எதிரான நிலைமையைக் கன்சாஸ் சிட்டியில் பார்க்கலாம். 2017இல் 27ஆம் இடத்திலிருந்து பத்துக்கு ஏறி எடுத்த பாட்ரிக் மஹோம்ஸை அந்த அணி அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்காரவைத்து ஒரே ஓர் ஆட்டத்தை மட்டும் தொடங்கவிட்டது. மறு ஆண்டு அவர் 50 டச்டவுன்கள் எறிந்தார். முதல் பருவத்தில் களத்துக்கு வராத உயர் தேர்வை உடனே வீண் என்று எண்ண வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

எட்ஜ் ரஷரைப் பார்க்கும்போது சாக் எண்ணிக்கை மிகவும் ஏமாற்றும். ஒரு பருவத்தில் ஒரு வீரருக்கு மிகச் சில சாக்குகளே கிடைப்பதால் இரண்டு மூன்று நல்லூழ்களும் தீயூழ்களும் முழுக் கணக்கையும் மாற்றிவிடும். 2014இல் ஐந்தாவதாக எடுக்கப்பட்ட கலீல் மாக் முதல் பருவத்தில் எடுத்தது நான்கே சாக். மறு ஆண்டு 15, அதற்கு மறு ஆண்டு லீகின் சிறந்த தற்காப்பு வீரர். 2022இல் முதல் வீரராக வந்த டிராவன் வாக்கர் மூன்றரை சாக்கில் தொடங்கி மறு ஆண்டு பத்தைத் தொட்டார். எத்தனை முறை குவார்ட்டர்பேக்கை அவசரப்படுத்தினார், எதிரணி அவரைத் தடுக்க இரண்டு பேரை அனுப்பியதா என்பவற்றை ஒளிப்பதிவில் பார்த்தால் அடுத்த ஆண்டைப் பற்றி அதிகம் தெரியவரும். கார்னர்பேக்குக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: யார் பக்கம் குவார்ட்டர்பேக்குகள் எறியவே அஞ்சுகிறார்களோ அவருக்கு இன்டர்செப்ஷன் கிடைக்காது.

டேக்கிளுக்குப் பொறுமை வேண்டும். 2020இல் நான்காவதாக வந்த ஆண்ட்ரூ தாமஸ் முதல் பருவத்தில் திணறினார், 2022இல் லீகின் சிறந்த வீரர்கள் பட்டியலான ஆல்-ப்ரோவின் இரண்டாம் அணியில் இடம்பெற்றார். ரன்னிங் பேக்குக்கு டச்டவுன் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஓர் ஓட்டத்துக்கு எத்தனை கெஜம் என்று பாருங்கள்: 2012இன் மூன்றாம் வீரர் டிரென்ட் ரிச்சர்ட்சன் முதல் பருவத்தில் ஓடியே 11 டச்டவுன்கள் எடுத்தார், ஆனால் ஓட்டத்துக்கு 3.6 கெஜம்தான், மறு ஆண்டு செப்டம்பரிலேயே கிளீவ்லண்டு அவரைக் கோல்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டது. பந்து பிடிப்பவர்களைப் பொறுத்தவரை எறிபவர் யார் என்று கேட்காமல் எதையும் சொல்லாதீர்கள். 2021இல் நான்காவதாக வந்த டைட் எண்டு கைல் பிட்ஸ் 1,026 கெஜம் எடுத்த பருவத்துக்கு மறு ஆண்டு, குவார்ட்டர்பேக் மாறி, முழங்கால் காயமும் சேர்ந்துகொள்ள, 356 கெஜத்தோடு நின்றார்.

ஆகஸ்ட் மாத முன்பருவ ஆட்டங்களை அறவே மறந்துவிடலாம். ஜமார் சேஸ் 2021இன் முன்பருவத்தில் பந்துகளைத் தொடர்ந்து தவறவிட்டபோது, கல்லூரிப் பந்தில் இருக்கும் வெள்ளைக் கோடுகள் தொழில்முறைப் பந்தில் இல்லை என்று அவர் சொன்ன விளக்கம் பெரும் கேலிக்கு உள்ளானது. அந்தப் பருவம் முடிந்தபோது அவர் 1,455 கெஜம் எடுத்திருந்தார்.

காயத்தைத் தனியாக வைத்துப் பாருங்கள். 2012இல் வாஷிங்டன் அணி மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து எடுத்த ராபர்ட் கிரிஃபின், முதல் பருவத்தில் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் ஆனார். 2013 ஜனவரியில் பிளேஆஃப் ஆட்டத்தில் முழங்கால் சிதைந்தபின் பழைய நிலைக்கு அவர் திரும்பவே இல்லை. ஆட்டக்காரர் தகுதியுள்ளவர், ஆனாலும் அணிக்குப் போட்ட முதல் திரும்பவில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்க முயன்றால் அவருக்கு அநீதி இழைத்தவர்கள் ஆவோம்.

யாரோடு ஒப்பிடுவது என்பதிலும் நேர்மை தேவை. ஒவ்வொரு குவார்ட்டர்பேக்கையும் 199ஆம் தேர்வில் வந்த டாம் பிரேடியோடும், ஒவ்வொரு ரிசீவரையும் ஐந்தாம் சுற்றில் வந்து முதல் பருவத்திலேயே 1,486 கெஜம் எடுத்த பூக்கா நாக்குவாவோடும் ஒப்பிடுவது பொருளற்றது. அப்போது எந்த அணியும் அவர்களை முதல் பத்துக்குள் எடுப்பதைப் பற்றி எண்ணியிருக்கவில்லை. அந்தத் தேர்வு நேரத்தில் உண்மையில் எடுத்திருக்கக்கூடியவர்கள் என்று அடுத்த எட்டுப் பத்துப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் அதே தேர்வு எண்ணில் அதே இடத்துக்கு வந்தவர்கள் எப்படி அமைந்தார்கள் என்பதையும் பார்த்தால், நியாயமான எதிர்பார்ப்பு எது என்று விளங்கும். பழைய பட்டியல்களைப் புரட்டினால் முதல் பத்தில் வந்தும் நிலைக்காதவர்கள் எத்தனை பேர் என்பது பலருக்கு வியப்பளிக்கும்.

இறுதித் தீர்ப்புக்கான நாளை லீகின் விதியே குறித்துக் கொடுத்திருக்கிறது. முதல் சுற்று வீரர்களின் ஒப்பந்தம் நான்காண்டுகளுக்கானது. ஐந்தாம் ஆண்டுக்கும் அவரை வைத்துக்கொள்ளும் உரிமையைப் பயன்படுத்துவதா இல்லையா என்பதை மூன்றாம் பருவத்துக்குப் பின் வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் அணி முடிவு செய்ய வேண்டும். 2020 உடன்பாட்டுக்குப் பிறகு, அந்த உரிமையைப் பயன்படுத்திய கணத்திலேயே ஐந்தாம் ஆண்டுச் சம்பளம் முழுவதும் உத்தரவாதமாகிவிடுகிறது. அந்தத் தொகையும் வீரர் ஆடிய அளவையும் நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானதையும் பொறுத்து ஏறும். ஆகவே அந்த நாளில், அவர் எத்தனையாவது வீரராக எடுக்கப்பட்டார், அவருக்காக என்ன கொடுத்தோம் என்பவற்றையெல்லாம் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு, அந்த ஓராண்டுச் சம்பளத்துக்கு வெளிச்சந்தையில் இவரைவிட நல்லவர் கிடைப்பாரா என்பதை மட்டும் கேட்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ 49அர்ஸ் இதில் தெளிவாக நடந்துகொண்டது: மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைச் செலவிட்டு 2021இல் எடுத்த ட்ரே லான்ஸை, நான்கே ஆட்டங்கள் தொடங்கிய நிலையில், 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டல்லஸிடம் கொடுத்துவிட்டு, 2022 டிராஃப்டின் கடைசி வீரரான பிராக் பர்டியை நம்பியது.

இந்த நாளுக்குப் பின் வரும் நான்காம் பருவத்தில்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2019இல் ஆறாவதாக வந்த டேனியல் ஜோன்ஸுக்கு ஐந்தாம் ஆண்டு உரிமை வேண்டாம் என்று ஜயன்ட்ஸ் 2022இல் முடிவு செய்தது. அந்தப் பருவத்தில் அவர் அணியைப் பிளேஆஃபுக்குக் கொண்டுசென்று அங்கே ஓர் ஆட்டத்தையும் வென்றதும், 2023 மார்ச்சில் நான்காண்டுகளுக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. 2024 நவம்பரில் அதே அணி அவரை விடுவித்தது. அவரைப் போன்ற வீரர் நான்காம் பருவத்தில் திடீரென உயர்ந்தால், அந்தப் பருவத்தின் எண்களை முந்தைய மூன்றின் அருகில் வைத்து, ஓர் எறிதலுக்கான கெஜம் கூடியிருக்கிறதா, அல்லது இன்டர்செப்ஷன்கள் மட்டும் குறைந்திருக்கின்றனவா, நெருக்கமான ஆட்டங்கள் எத்தனை இவர் பக்கம் சாய்ந்தன என்று பாருங்கள். கூடியது ஆட்டமா, கைகொடுத்தது சூழலா என்பதை அந்த எண்களிலிருந்தே பெருமளவு பிரித்தறிய முடியும்.